ராத்திரி பத்து மணிக் கஞ்சி: கல்லீரல் நோயில் தசையையும் எலும்பையும் காப்பாற்றும் வழி

மதுரையில் ஒரு மருத்துவமனையின் கல்லீரல் ஓ.பி.யில் டயட்டீஷியனாக இருக்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? இன்னிக்குக் காலைல எத்தனை மணிக்கு?"

ஏழரைக்கு இரண்டு இட்லி, காலையில் ஒன்பது மணிக்கு ஒரு தோசை என்பார்கள். நடுவில் பதின்மூன்றரை மணி நேரம். "கம்மியா சாப்பிட்டா லிவருக்கு ரெஸ்ட் கிடைக்கும்னு சொன்னாங்க மேடம்" என்று கூட வந்தவர் விளக்கம் கொடுப்பார். யார் சொன்னார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கல்லீரலுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து, தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக ரத்தத்தில் விடும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் நோய், வந்து சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடமில்லை. நள்ளிரவிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். மூளைக்கோ சர்க்கரை வேண்டும். அப்போது உடம்பு தசையைக் கரைத்து, அதிலுள்ள அமினோ அமிலங்களைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் கதைதான். நல்ல கல்லீரல் உள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு எந்த நிலைக்குப் போகுமோ, சிரோசிஸ் உள்ளவர் ஒரே ராத்திரியில் அந்த நிலைக்குப் போய்விடுகிறார். வயிறு தண்ணீரால் பெருத்து, கையும் காலும் தோளும் குச்சியாவது இப்படித்தான்.

அதனால் என் மருந்துச் சீட்டில் முதல் வரி: படுக்கும் முன், ஒன்பதரையிலிருந்து பத்து மணிக்குள், ஒரு டம்ளர் கஞ்சி. கேழ்வரகு மாவோ சத்துமாவோ மூன்று மேசைக்கரண்டி, 200 மில்லி பாலில் காய்ச்சியது. கூட ஒரு வாழைப்பழம். மொத்தமாக 50 கிராம் அளவுக்கு மாவுச்சத்து போக வேண்டும், அதுதான் கணக்கு. கஞ்சி பிடிக்காதவர் இரண்டு சப்பாத்தியும் ஒரு டம்ளர் பாலும் எடுக்கலாம். இது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் அல்ல, அதற்கு மேல். எட்டு மணிச் சாப்பாட்டைப் பத்துக்குத் தள்ளிவிட்டு "சொன்னபடி செஞ்சுட்டோம்" என்று வருகிறவர்கள் உண்டு, அதனால் அழுத்திச் சொல்கிறேன். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போய்விட வேண்டும். பகலிலும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது.

ராத்திரி என்பதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிரோசிஸ் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, 710 கலோரி கொண்ட ஒரே சத்துப் பானத்தை ஒரு குழுவுக்குப் பகலிலும் மற்றதற்கு ராத்திரியிலும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. ராத்திரி குடித்தவர்களின் உடம்பில் புரதம் கூடியது. பகலில் குடித்தவர்களுக்குக் கூடவில்லை. கொடுத்தது ஒன்றே, நேரம்தான் வேறு.

பருப்பும் முட்டையும் பகையா?

அடுத்த சண்டை பத்தியத்தோடு. மஞ்சள் காமாலைக்குச் சொன்ன பத்தியத்தை எல்லாக் கல்லீரல் நோய்க்கும் நீட்டிவிடுகிறார்கள்: பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, ரசம் சாதமும் மோரும் போதும். இதை ஆறு மாதம் கடைப்பிடித்தால் நல்ல ஆளே மெலிந்துபோவார்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது, மறைக்கவில்லை. புரதம் சிதையும்போது அம்மோனியா என்ற கழிவு உண்டாகும், நல்ல கல்லீரல் அதை அகற்றிவிடும். கல்லீரல் கெட்டு அந்த அம்மோனியா ரத்தத்தில் ஏறி நினைவு தடுமாறுகிறவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2004இல் பார்சிலோனா மருத்துவர்கள், அப்படிக் குழப்பத்தோடு சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கே வழக்கமான அளவு புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களை விட இவர்களுக்குக் குழப்பம் எதுவும் கூடவில்லை. குறைத்தவர்களுக்குத்தான் தசைப் புரதம் அதிகமாகச் சிதைந்தது. இன்றைய வழிகாட்டுதல்கள் எல்லாம் புரதத்தைக் குறைக்காதே என்றே சொல்கின்றன. காரணமும் எளிது. கல்லீரல் கைவிட்ட பிறகு அம்மோனியாவை வாங்கிச் செலவழிக்கும் பெரிய இடம் தசைதான். தசை குறையக் குறைய அம்மோனியா ரத்தத்தில் தங்கும். தங்கிய அம்மோனியா, தசை வளர்ச்சியைத் தடுக்கும் மயோஸ்டேட்டின் என்ற புரதத்தைக் கூட்டும். அப்புறம் தசை இன்னும் குறையும். பருப்பை நிறுத்தி அம்மோனியாவை அடக்க நினைப்பவர் இந்தச் சுழலுக்குள்தான் மாட்டுகிறார்.

எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 35 கலோரி. இங்கே எடை என்றால் தண்ணீரைக் கழித்த எடை. வயிற்றில் நீர் கொஞ்சமாக இருந்தால் தராசு காட்டும் எடையில் 5 சதவீதம் கழிக்க வேண்டும், நடுத்தரம் என்றால் 10, அதிகம் என்றால் 15. கால் வீக்கமும் இருந்தால் இன்னொரு 5. தராசில் 68 கிலோ, வயிற்று நீர் நடுத்தரம், கால் வீக்கமும் உண்டு என்றால் உண்மையான எடை 58 கிலோதான். அவருக்கு நாளைக்கு 70 முதல் 87 கிராம் புரதமும் சுமார் 2,000 கலோரியும் தேவை. ரொம்பக் குண்டாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும், அதை உங்கள் மருத்துவமனையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

70 கிராம் என்றதும் மலைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால், 6 கிராம். மூன்று இட்லியும் ஒரு முட்டையும் 12. பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 8. மதியம் சோறு, கெட்டிப் பருப்பு, இரண்டு துண்டு மீன், ஒரு கரண்டித் தயிர் எல்லாம் சேர்த்தால் 30 பக்கம் வரும். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, 6. ராத்திரி மூன்று சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும் 14. பத்து மணிக் கஞ்சியில் 9. கூட்டிப் பாருங்கள், 85 வருகிறது. எல்லாம் நம் அடுப்படியில் இருக்கும் சாமான்தான்.

ஆனால் "தினம் சாம்பார் வைக்கிறேனே" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். மேலே தெளிந்த தண்ணீரில் கருவேப்பிலை மிதக்கிறது, கரண்டியை அடியில் விட்டுக் கிளறினால் பருப்பு எழும்புகிறது. "அந்த அடிக் கரண்டி யாருக்கு விழும்?" என்றேன். "பசங்களுக்கு" என்று சிரித்தார். வீட்டுக்காரருக்கு மேலாகத் தெளிந்தது; லிவருக்கு லேசாக இருக்கட்டும் என்று. நான் சொன்னது: பருப்பைக் கடைந்ததும், புளித்தண்ணீர் சேருமுன், ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவிடுங்கள். அவருக்கு அதுதான்.

அசைவத்தை விடப் பருப்பு, பால், தயிர், பனீர் வகைப் புரதம் அம்மோனியாத் தொல்லை உள்ளவர்களுக்கு நன்றாக ஒத்துவருகிறது. பருப்பிலுள்ள நார்ச்சத்து மலத்தையும் இளக்கும். மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால், நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகும்படி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். "பேதியாகுது" என்று நீங்களாக நிறுத்திவிட்டு, பழியைப் பருப்பின் மேல் போடக்கூடாது.

டப்பாப் புரதப் பவுடர் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கேரள மருத்துவர்கள் 2024இல் நம் சந்தையிலுள்ள 36 புரதப் பவுடர்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் லேபிள் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் கல்லீரலுக்கே ஆகாத மூலிகைச் சாறுகள் கலந்திருந்தன. சீந்தில், அசுவகந்தா போன்றவற்றால் கல்லீரல் பாதித்த நோயாளிகள் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஃபில்டர் காபியை மட்டும் நான் தடுப்பதில்லை. நாளைக்கு இரண்டு மூன்று காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால் சரி. சாராயம் ஒரு சொட்டும் கூடாது, அதில் பேச்சே இல்லை.

உப்பு விஷயத்தில் நடுவழி. வயிற்றில் நீர் இருந்தால் நாள் முழுக்க ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் அளவு. ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, மிக்சர் எல்லாம் போய்விட வேண்டும். அதற்காக உப்பே இல்லாமல் சமைத்து, அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினால் உப்பு குறைந்ததில் லாபமில்லை. எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லி வைத்து ருசியைக் கூட்டுங்கள். இந்துப்பும் உப்புதான், சோடியத்தில் சலுகை கிடையாது. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆபத்து.

தராசு பொய் சொல்லும்

"எடை குறையவே இல்லையே மேடம், அப்படியேதான் இருக்கார்." தசை மூன்று கிலோ குறைந்து, வயிற்று நீர் மூன்று கிலோ ஏறினால் தராசு முள் அசையாது. அதனால் வீட்டிலேயே வேறு இரண்டு சோதனை சொல்லித் தருவேன்.

ஒன்று, தையற்கடை டேப். தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, இறுக்காமல் சுற்றளவு எடுங்கள். மாதம் ஒரு முறை, அதே கையில். கெண்டைக்கால் அளவை நான் நம்புவதில்லை, வீக்கம் கெடுத்துவிடும்.

இன்னொன்று நாற்காலி. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆசியர்களுக்கான அளவுகோல்படி தசைத்திறன் குறைவு என்று கொள்ளலாம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் வினாடிக் கணக்கே தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர்களின் தளர்ச்சியை அளக்க ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் இருப்பது மூன்றே சோதனை: கைப்பிடி வலு, இந்த நாற்காலி எழுதல், நிற்கும்போது சமநிலை. ஸ்கேன் எதுவும் கிடையாது.

எந்த நாற்காலியில் சோதித்தோமோ, அதே நாற்காலிதான் பயிற்சிக்கும். எட்டு முதல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. எழும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை முக்கியமில்லை, சத்தமாக எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருப்பவர்கள் மூச்சை அடக்கி முக்கக்கூடாது, வயிற்றழுத்தம் ஏறும். அதே காரணத்துக்காகத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசிச் சிப்பம் தூக்குவதும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் வேண்டாம். தொப்புள் குடலிறக்கம் இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் உள்ளங்கை வைத்துத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்குவது என்று வாரம் மூன்று நாள். நடையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் அதிகாலை நடை மட்டும் கூடாது. ஒரு டம்ளர் பாலாவது குடித்துவிட்டுப் போங்கள். எண்டோஸ்கோபி பார்த்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ரத்த வாந்தி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, காய்ச்சல், பேச்சில் குழப்பம் என்றால் பயிற்சி நிற்கட்டும்.

ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது இவர்களுக்குச் சகஜம். மிச்சிகன் மருத்துவர்கள் 2022இல், பிடிப்பு வரும்போது ஒரு வாய் ஊறுகாய்த் தண்ணீர் குடித்தால் வலி குறைகிறது என்று காட்டினார்கள். உடனே ஆவக்காய் ஜாடியைத் திறக்க வேண்டாம். அது உப்பும் வினிகரும் கலந்த வெள்ளரிக்காய் ஊறல், அதுவும் ஒரே ஒரு வாய்.

சர்க்கரை

கல்லீரல் நோயும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவர்களிடம் மூன்று விஷயம் சொல்வேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கையில் 5.8 என்று பார்த்துக் குஷியாக வேண்டாம். மண்ணீரல் பெருத்து, ரத்தச்சோகையும் இருந்தால் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும். சோதனை உண்மையை விடக் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்று அளவும் பல பேருக்குச் சரியாகவே இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 260 போகும். அதனால் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

இரண்டாவது, சர்க்கரை இருக்கிறது என்று பத்து மணிக் கஞ்சியை விடக்கூடாது. வெல்லம் வேண்டாம், வாழைப்பழத்துக்குப் பதில் சுண்டல் போதும், மாத்திரை அளவை மருத்துவர் சரிசெய்வார். கையிருப்பில்லாத கல்லீரலோடு, சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டுப் படுப்பது ஆபத்து. விடிகாலையில் சர்க்கரை தடாலென்று இறங்கும்.

மூன்றாவதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் உளறினாலோ எழுப்பினால் எழவில்லை என்றாலோ, அம்மோனியா என்று முடிவு கட்டுமுன் மீட்டரில் குத்திப் பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் அதே உளறல்தான் வரும். எதுவாக இருந்தாலும் 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கொழுப்புக் கல்லீரலில் தொடங்கி உடம்பு கனத்திருப்பவர்களுக்கு எடை குறைய வேண்டியதுதான். 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் வீக்கம் தணியும். குறைக்க வேண்டியது சோற்றுக் குவியல், பேக்கரி, குளிர்பானம். பருப்பும் முட்டையும் அப்படியே இருக்கட்டும். வயிற்றில் நீர் வந்த பிறகு எடைக்குறைப்பைத் தானாகத் தொடங்கக்கூடாது.

எலும்பு

எலும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, முதுகு வலிக்கும் வரை. வைட்டமின் டி கல்லீரலுக்குப் போய்த்தான் அடுத்த நிலைக்கு மாறுகிறது. பித்தநாளம் அடைபடும் வகை நோய்களில் அதை உறிஞ்சுவதே குறைகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகைக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறோம், அது எலும்பை அரிக்கும். பழைய குடிப்பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மதுரை வெயில் இருக்கிறதே என்று நம்பி இருக்காமல் வைட்டமின் டி அளவை ஒரு தடவை பாருங்கள், மருத்துவரிடம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரை லிட்டர் பாலில் 600. கஞ்சியில் இரண்டும் இருப்பதால் எலும்புக்கும் அதுவே உதவும்.

எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதும் மருத்துவரிடம், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அந்த வகை மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். ஊசி வடிவமும் உண்டு. முதுகு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் வாங்கிப் போடவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவைத் தூண்டும். பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்குள், அதுவும் கேட்டுக்கொண்டு.

எலும்பு முறிவது பெரும்பாலும் கழிவறைக்குப் போகும் வழியில். நீர் பிரியும் மாத்திரையும் லாக்டுலோஸும் சேர்ந்து ராத்திரியில் ஓட வைக்கும். நீர் மாத்திரையைக் காலையில் போட முடியுமா என்று கேளுங்கள். நடைவழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு, கழிவறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, வாசலில் ஈரக் கால்மிதி இல்லாமல் பார்த்துக்கொள்வது: மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

விரதமும் வெறும் வயிற்றுச் சோதனையும்

ஐப்பசியில் கந்த சஷ்டிக்கும், அப்புறம் ரமலானுக்கும் இந்தக் கேள்வி வரும். சிரோசிஸ் உள்ளவரை நான் விரதம் இருக்கச் சொல்வதில்லை. "ஒரு வேளை மட்டும்தானே மேடம்?" என்று கெஞ்சுகிறவரிடம், பாலும் பழமும் மூன்று மணிக்கொரு தரம் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள் அண்ணே, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பேன். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை முஸ்லிம் குடும்பங்களில் பெரியவர்களே எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியாக, நாங்களே போட வைக்கும் பட்டினி ஒன்று இருக்கிறது. வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் வெறும் வயிற்றில். ராத்திரி எட்டு மணியோடு நிறுத்தி, காலையில் வரிசையில் உட்கார்ந்து, மதியம் ஒன்றரைக்கு முறை வந்தால் அன்றைக்குத் தசைக்கு நல்ல அடி. எத்தனை மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாமா என்று முந்தின நாளே கேட்டு, அந்த நேரம் வரை சாப்பிடுங்கள். சிரோசிஸ் நோயாளி என்று சொல்லி முதல் டோக்கன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு டப்பாவில் சத்துமாவு உருண்டையும் இருக்கட்டும். இனி சாப்பிடலாம் என்று சொன்னதும் அங்கேயே, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பெஞ்சிலேயே, சாப்பிட்டுவிடலாம்.